நூற்றுக்கு நாற்பத்தைந்து

புள்ளியியல் துறைப் பிள்ளைகள் அவளுக்கு வைத்திருந்த பெயர் சராசரி. முதலாம் ஆண்டு வகுப்பில் முதல் நாள் போய் நின்றதும், எடுத்த எடுப்பில் அவள் சொல்லித் தருவது சராசரி என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். பதின்மூன்று வருடத்தில் அது பிள்ளைகளிடமிருந்து ஆசிரியர்களுக்கும், ஆசிரியர்களிடமிருந்து அலுவலக ஊழியர்களுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. "சராசரி மேடம் வந்தாச்சா?" என்று அவள் காதுபடவே கேட்பார்கள். அவள் கோபித்துக்கொண்டதில்லை. அந்தப் பல்கலைக்கழகத்தில் அவளைக் கூப்பிட ஏதோ ஒரு பெயராவது இருக்கிறதே என்று சிரித்துவிட்டுப் போய்விடுவாள்.

ஏனென்றால் அவள் அங்கே தற்காலிகம். ஒவ்வொரு வருடமும் பத்து மாத ஒப்பந்தம். பத்து மாதம் முடிந்ததும் ஒரு கடிதம், இரண்டு மாதம் இடைவெளி, பிறகு மறுபடி ஒரு கடிதம். நிரந்தர ஆசிரியர்கள் துறைத்தலைவர் அறையில் இருந்த தடித்த அட்டைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவார்கள். தற்காலிகக்காரர்களுக்கு எழுத்தர் மேசைமேல் கோடு போட்ட நீள நோட்டு. நிரந்தரமானவர்களுக்குக் கதவில் பெயர்ப்பலகை. இவர்களுக்கு, பழைய விடைத்தாள்களை அடுக்கிவைத்திருந்த கிடங்கின் முன்பாதி. பல துறைகளைச் சேர்ந்த பதினோரு பேர், ஆறு நாற்காலி. வகுப்பு முடித்து வருகிறவள் உட்கார, வகுப்புக்குப் போகிறவள் எழுந்திருப்பாள். ஜன்னலைத் திறந்தால் ஜெனரேட்டர் புகை. அந்தப் பதினோரு பேரும் பெண்கள். அது ஏன் அப்படி என்று யாரும் கேட்டதில்லை, மழைக்காலத்தில் ஏன் ஈரமாக இருக்கிறது என்று யாராவது கேட்பார்களா.

அந்த அறையில் அவளுக்கு நெருக்கம் பாசி. தாவரவியல்காரி. குளத்துப் பாசிகளைப் பற்றி முனைவர் பட்டம் வாங்கியவள் என்பதால் அந்தப் பெயர். இவளைவிடப் பத்து வயது சின்னவள், வாய் இவளைவிடப் பத்து மடங்கு பெரிது. எட்டு வருடமாக அங்கே இருந்தாள். "அக்கா, எனக்கும் இந்த விடைத்தாளுக்கும் என்ன வித்தியாசம் தெரியுமா? அதை மூணு வருஷம் வெச்சிருந்து அப்புறம்தான் தூக்கிப் போடணும்னு விதி இருக்கு" என்பாள். அறையே சிரிக்கும்.

கல்வியாண்டு தொடங்கிய மூன்றாவது வாரம் துறைத்தலைவர் சராசரியைக் கூப்பிட்டு அனுப்பினார். வெளிநாட்டு அமைப்பு ஒன்று, பல நாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஆசிரியர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுக்கிறது. பதிவாளர் அலுவலகத்துக்குப் படிவம் வந்திருக்கிறது. அங்கே இருப்பவர்களுக்கு இதெல்லாம் பிடிபடவில்லை. நீங்கள்தான் புள்ளியியல் ஆயிற்றே, கொஞ்சம் ஒத்தாசை செய்யுங்கள் என்றார். இது மாதிரி ஒத்தாசைகள் அவள் தலையில் விழுவது புதிதில்லை. தலையாட்டினாள்.

பதிவாளர் அலுவலகத்தின் கோப்புகளோடு நான்கு நாள் மல்லுக்கட்டினாள். பேராசிரியர்கள் அறுபத்திரண்டு பேர், அதில் பெண்கள் மூன்று. இணைப் பேராசிரியர்கள் எழுபத்தொன்று, பெண்கள் ஒன்பது. உதவிப் பேராசிரியர்கள் நூற்று நாற்பது, பெண்கள் முப்பத்தெட்டு. படிவத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது: ஆண்டு முழுவதும் தொடர்ந்து பணியில் இருப்பவர்களை மட்டுமே ஆசிரியர்களாகக் கணக்கில் கொள்ளவும். அதன்படி பார்த்தால் பல்கலைக்கழகத்தில் இருநூற்று எழுபத்து மூன்று ஆசிரியர்கள், ஐம்பது பெண்கள். நூற்றுக்குப் பதினெட்டு. அவளும் பாசியும் அந்த அறையில் இருந்த யாரும் அதில் வரவில்லை.

பதிவாளர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளிக்கவில்லை, குரலை உயர்த்தவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மனிதர் என்று பெயர் எடுத்தவர்.

"தற்காலிகமா எத்தனை பேர் இருக்கீங்க மேடம்?"

"இருநூத்திப் பத்து சார். அதுல நூத்தி அறுபத்தெட்டு பேர் லேடீஸ்."

"அவங்களை ஏன் விட்டுட்டீங்க?"

பின்பக்கக் குறிப்பைக் காட்டினாள். இரண்டு மாதம் இடைவெளி வருகிறதே என்றாள்.

"அந்த ரெண்டு மாசம் நீங்க வீட்ல சும்மாவா இருக்கீங்க? கேள்வித்தாள் எடுக்கறீங்க, பேப்பர் திருத்தறீங்க. அது வேலை இல்லையா? வகுப்பெடுக்கறவங்களை டீச்சர் இல்லைன்னு நீங்களே எழுதினா எப்படிம்மா?"

அவள் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். பதின்மூன்று வருடத்தில் இதை ஒருவர் வாய்விட்டுச் சொல்லிக் கேட்பது முதல் தடவை. அவர் எதற்காகச் சொல்கிறார் என்பது அவளுக்குத் தெரியாமலில்லை. பொடி எழுத்துக் குறிப்பு என்ன சொல்கிறது என்பதும் தெரியும். ஆனால் மறுபடி போய் உட்கார்ந்து நான்காவது வரிசையில் 210 என்றும், அதற்குப் பக்கத்தில் 168 என்றும் எழுதியபோது, அந்த நூற்று அறுபத்தெட்டில் தானும் ஒருத்தி என்ற நினைப்பு அவளுக்கு இனித்தது. மொத்தம் நானூற்று எண்பத்து மூன்று பேர், இருநூற்றுப் பதினெட்டு பெண்கள். நூற்றுக்கு நாற்பத்தைந்து. தாளின் அடியில் 'தயாரித்தவர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டாள். 'ஒப்புதல்' என்ற இடத்தில் பதிவாளர் போட்டார்.

ஐந்து மாதம் கழித்து அந்த வெளிநாட்டு அமைப்பின் அட்டவணை புத்தகமாக வந்தது. ஒரு நாட்டில் நூற்றுக்கு ஐம்பது, ஒரு நாட்டில் முப்பத்தேழு, ஒரு நாட்டில் பன்னிரண்டு. நாடு நாடாக, பல்கலைக்கழகம் பல்கலைக்கழகமாகப் போட்டிருந்தார்கள். நாற்பது பல்கலைக்கழகங்களில் இவர்களுடையது மூன்றாவது இடம். நுழைவாயிலில் பெரிய விளம்பரப் பலகை முளைத்தது. அதில் 'பெண் ஆசிரியர்கள் நூற்றுக்கு நாற்பத்தைந்து' என்ற கொட்டை எழுத்து, பக்கத்தில் நுண்ணோக்கியில் குனிந்திருக்கும் பாசியின் படம். "யாரைக் கேட்டு என்னைப் போட்டாங்க? என் மூக்கு நிஜமாவே இவ்ளோ பெரிசா அக்கா?" என்று அவள் இரண்டு நாள் புலம்பினாள். ஆனால் போகும்போதும் வரும்போதும் ஒருதடவை நிமிர்ந்து பார்த்துக்கொள்ளத்தான் செய்தாள்.

அந்த வெளிநாட்டு அமைப்பிலிருந்து ஒரு பேராசிரியை வந்தார். நரைத்த முடியைக் கட்டையாக வெட்டிக்கொண்ட, நடக்கும்போது லேசாகச் சாய்ந்து நடக்கிற பெண்மணி. அட்டவணைக்குக் கணக்குத் தயாரித்தவர் என்று சராசரியைக் கூடவே அனுப்பினார்கள். துணைவேந்தர் அறை, நூலகம், ஆய்வகம் எல்லாம் சுற்றிக் காட்டிய பிறகு, கழிப்பறைக்குப் போய்த் திரும்பும் வழியில் அந்தம்மாள் தவறுதலாகக் கிடங்கு அறையைத் திறந்துவிட்டார். ஆறு நாற்காலிகளையும், நின்றுகொண்டே நோட்டு திருத்தியவர்களையும், பின்னால் மச்சுவரை போன விடைத்தாள் கட்டுகளையும் பார்த்தார். கதவை மெல்லச் சாத்திவிட்டு, இவர்களும் உங்கள் கணக்கில் உண்டா என்று கேட்டார். உண்டு என்றாள் சராசரி. அந்தம்மாள் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவரோ தாழ்வாரத்துச் சுவரில் கையை ஊன்றி நின்று, தங்கள் நாட்டிலும் இப்படித்தான், அங்கே நாற்காலி உண்டு, அவ்வளவுதான் வித்தியாசம் என்றார். படி ஏற ஏறப் பெண்களின் தலை குறைந்துகொண்டே போகும், கீழ்ப்படியில் கூட்டமாக நிற்பவர்களைக் கூட்டித்தான் எல்லா நாட்டுக்காரர்களும் கணக்குக் காட்டுகிறார்கள் என்றார். அப்படியானால் இந்த அட்டவணை எதற்கு என்று இவள் கேட்டாள். அந்தம்மாள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மதிய விருந்துக்கு நேரமாகிவிட்டதா என்று கேட்டார்.

அந்த வருட ஒப்பந்தம் முடிய மூன்று மாதம் இருந்தபோது பாசிக்கு ஏழாம் மாதம். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்துத் தரித்தது. வகுப்புக்கு இரண்டு மாடி ஏற வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பிள்ளைகள் அவளுடைய பையை வாங்கிக்கொண்டு முன்னால் போவார்கள். நிரந்தரமானவர்களுக்குப் பேறுகால விடுப்பு ஆறு மாதம் உண்டு. தற்காலிகமாக இருந்தவர்கள் யாரும் கேட்டதில்லை. பிரசவத்தை அந்த இரண்டு மாத இடைவெளியில் வைத்துக்கொண்ட கெட்டிக்காரிகளும் அந்த அறையில் இருந்தார்கள். பாசிக்கு அது அமையவில்லை. அவள் விடுப்பு விண்ணப்பம் எழுதினாள். அதோடு அந்த அட்டவணைப் பக்கத்தையும் நகலெடுத்து இணைத்தாள். நீங்களே உலகத்துக்கு என்னை ஆசிரியர் என்று சொல்லியிருக்கிறீர்கள், ஆகவே ஆசிரியருக்கு உள்ள விடுப்பைக் கொடுங்கள் என்று ஒரே ஒரு வாக்கியம். சராசரிதான் அதைப் படித்துப் பார்த்து, எழுத்துப்பிழை திருத்திக் கொடுத்தாள்.

பதில் மூன்று வாரத்தில் வந்தது. விடுப்பைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஒப்பந்தம் முடிவதாகவும், அடுத்த ஆண்டு அவரது சேவை தேவைப்படாது எனவும் இருந்தது. பாசி அந்தக் கடிதத்தை அறையில் எல்லோரிடமும் காட்டினாள். மேசையில் இருந்த தன் டம்ளரையும், இரண்டு புத்தகத்தையும், தலைவலித் தைலத்தையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். குழந்தை பிறந்த இரண்டாம் மாதம் தொழிலாளர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டாள்.

வழக்கில் அவள் கையில் இருந்த பெரிய சான்று அந்த அட்டவணைதான். பல்கலைக்கழகம், இவர் ஆசிரியரே இல்லை, மணிக்கணக்குச் சம்பளத்துக்கு வந்துபோன உதவியாளர் என்றது. பாசியின் வக்கீல், அப்படியானால் நுழைவாயிலில் பலகை வைத்து நூற்றுக்கு நாற்பத்தைந்து என்று எழுதியிருப்பது யாரை எண்ணி என்று கேட்டார். அது சரியான கேள்வி. பல்கலைக்கழக வக்கீல் அவகாசம் வாங்கினார். மறுநாள் காலையே பலகை இறங்கிவிட்டது.

அதே வாரம் புள்ளியியல் துறையில் ஓர் உதவிப் பேராசிரியர் இடத்துக்கு அறிவிப்பு வந்தது. பதினொரு வருடத்தில் முதல் நிரந்தர இடம். வயது வரம்பு நாற்பத்தைந்து. சராசரிக்கு நாற்பத்து நான்கு முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

விண்ணப்பம் கொடுத்த இரண்டாம் நாள் துறைத்தலைவரே அவளைப் பதிவாளரிடம் அழைத்துப் போனார். பதிவாளர் மேசையில் தட்டச்சு செய்த ஒரு தாள் இருந்தது. மேற்படி அட்டவணைக்கான கணக்கைத் தயாரித்தபோது, படிவத்தின் பின்பக்கக் குறிப்பைக் கவனிக்கத் தவறி, ஆசிரியர் அல்லாத 210 பேரை ஆசிரியர்களாகச் சேர்த்துவிட்டேன், பிழை என்னுடையது, பதிவாளர் அலுவலகத்துக்கு இது தெரியாது. கீழே அவளுடைய பெயர்.

"நீங்கதானே சார் சேர்க்கச் சொன்னீங்க" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"சொன்னேனா? ஞாபகமில்லையேம்மா" என்றார் பதிவாளர். பொய் சொல்கிறோம் என்ற கூச்சம் அவர் முகத்தில் இருந்தது. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. "பாருங்க, இதுல உங்களுக்கு எந்தத் தண்டனையும் இல்ல. மனுஷங்க பண்ற பிழைதான். நேர்முகத்துக்கு வேற வரப்போறீங்க. கமிட்டியில நானும் இருக்கேன்."

துறைத்தலைவர் ஜன்னல் வழியே மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

யோசித்துச் சொல்வதாகத் தாளை வாங்கிக்கொண்டு வந்தாள். வெளியே வந்ததும் துறைத்தலைவர், "யோசிக்க என்ன மேடம் இருக்கு? நீங்க போட்டாலும் போடாட்டியும் அந்தப் பொண்ணு கேஸ் நிக்காது" என்றார். அது உண்மையா என்று அவளுக்குத் தெரியவில்லை. உண்மையாக இருந்துவிட்டால் தேவலை என்று நினைத்தாள்.

மறுநாள் விடுமுறை. காலைச் சாப்பாடு முடிந்ததும் கணவரிடம் தாளைக் காட்டினாள். அவர் கட்டட வரைபடம் போடுகிற அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்; எதையும் இரண்டு தடவை படிக்கிற பழக்கம். இரண்டு தடவை படித்தார்.

"நீ தப்பு பண்ணலைன்னு எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். அது போதாதா?"

"கோர்ட்டுக்குத் தெரியாதே."

"பதிமூணு வருஷம் நின்னுட்டு வந்திருக்க. உக்காரச் சொல்றாங்க. வேற என்ன சொல்லணும்னு எனக்குத் தெரியலை" என்றார். அதற்குமேல் அவர் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருந்தால் அவர்மீது பழியைப் போட்டிருக்கலாம் என்று பின்னாளில் அவளுக்குத் தோன்றியது உண்டு.

பள்ளிப் படிப்பின் கடைசி வருடத்தில் இருந்த மகள் உள்ளறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். வந்து நின்று, "பாசிச் சித்தி என்னம்மா பண்ணுவாங்க?" என்று மட்டும் கேட்டாள். அவளுக்கு நாலு மார்க் குறைந்தபோது உயிரியல் சொல்லிக்கொடுக்க வீடு தேடி வந்தவள் பாசி. படிக்கிற வேலையைப் பார் என்று மகளை அதட்டினாள் சராசரி. அதட்டிய வேகத்திலேயே தான் என்ன செய்யப் போகிறோம் என்பது அவளுக்குத் தெரிந்துபோயிற்று. திங்கட்கிழமை காலை, வகுப்புக்குப் போவதற்கு முன், தாளில் கையெழுத்துப் போட்டுப் பதிவாளரின் உதவியாளரிடம் கொடுத்தாள்.

விஷயம் தாளோடு முடியவில்லை. நேரில் வந்து சொல்ல வேண்டியிருந்தது. தொழிலாளர் நீதிமன்றம் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடி. மின்விசிறி சத்தத்தில் யார் பேசினாலும் கத்தித்தான் பேச வேண்டும். பாசி எதிர் பெஞ்சில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள். இவளைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது. அக்கா நமக்காகச் சாட்சி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டாள். குழந்தையின் கையைப் பிடித்து இவளைப் பார்த்து ஆட்டிக் காட்டினாள். சராசரி பார்வையை நீதிபதியின் மேசைப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பல்கலைக்கழக வக்கீல் கடிதத்தைக் காட்டி இது உங்கள் கையெழுத்தா என்றார். ஆமாம் என்றாள். இதில் எழுதியிருப்பது சரியா. சரி. அடுத்து பாசியின் வக்கீல் எழுந்தார்.

"பதிமூணு வருஷமா புள்ளியியல் சொல்லிக் குடுக்கறீங்க. ஒரு படிவத்தோட பின்பக்கத்தைப் படிக்காமலா விட்டீங்க?"

"கவனிக்கலை."

"யாரும் சேர்க்கச் சொல்லலை?"

"இல்ல."

"சரி, அதை விடுங்க. இதோ உக்காந்திருக்காங்களே, இவங்க எட்டு வருஷம் அங்க பாடம் நடத்தினாங்களா இல்லையா? உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

இந்தக் கேள்வி வரும் என்று முன்பே சொல்லி, அதற்குப் பதிலும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவள் அந்தப் பதிலைச் சொன்னாள். "பதிவேட்டின்படி அவங்க ஆசிரியர் இல்ல." நீதிபதி அதை எழுதிக்கொண்டார். மின்விசிறியின் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றார். இன்னொரு தடவை சொன்னாள்.

பாசி குழந்தையின் கையை விட்டிருந்தாள். இவளைப் பார்க்கவில்லை. குழந்தையின் சட்டைப் பொத்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தாள்.

வழக்கு தள்ளுபடியானது. நேர்முகத் தேர்வில் சராசரியை எட்டு நிமிடம் கேள்வி கேட்டார்கள். அவளுடைய பதின்மூன்று வருடத்தைக் கற்பித்தல் அனுபவமாக எடுத்துக்கொள்ள முடியாது என்று ஓர் உறுப்பினர் குறிப்பெழுதினார். நீதிமன்றமே அப்படிச் சொல்லிவிட்டதே என்றார். அந்த மதிப்பெண்கள் போனாலும், ஆய்வுக் கட்டுரைகளுக்கும் நேர்முகத்துக்கும் கிடைத்ததை வைத்துப் பட்டியலில் முதல் ஆளாக வந்தாள். அவளுடைய பணிக்காலம் நாற்பத்து நான்கு வயது பத்து மாதத்திலிருந்து புதிதாகத் தொடங்கியது. பதினொரு வருடத்துக்கு முன் இருபத்தாறு வயதில் சேர்ந்த ஆண்பிள்ளை ஒருவன் அவளுக்கு மூத்தவன் ஆனான். கூட்டங்களில் அவனுக்கு அடுத்த நாற்காலி அவளுக்கு.

கதவில் பெயர்ப்பலகை வந்தது. கிடங்கு அறைக்குள் அவள் ஒருதடவை டீ குடிக்கப் போனபோது, உட்கார்ந்திருந்த ஆறு பேரும் எழுந்து நின்றார்கள். கேலி இல்லை, கோபம்கூட இல்லை. மேலதிகாரி வந்தால் எழுந்து நிற்பதுபோல நின்றார்கள். அவள் உட்காரச் சொல்லியும் யாரும் உட்காரவில்லை. அதற்குப் பிறகு அங்கே அவள் போகவில்லை. அந்த வருடத்திலிருந்து எல்லோருடைய கடிதத்திலும் 'தற்காலிக விரிவுரையாளர்' என்பதை எடுத்துவிட்டு 'மணிநேர வகுப்பு உதவியாளர்' என்று போட்டிருந்தார்கள். பத்து மாதம் ஐந்து மாதம் ஆயிற்று. இனி ஒருத்தியும் வழக்குப் போட இடம் வைக்கக் கூடாது என்று பதிவாளர் அலுவலகத்தில் தீர்மானமாம்.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு நாள் பாசி துறை வாசலில் வந்து நின்றாள். குழந்தை நடக்கிற வயதாகி அவள் விரலைப் பிடித்திருந்தது. ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியல் ஆசிரியர் வேலைக்குக் கேட்டிருக்கிறாளாம். எட்டு வருட அனுபவத்துக்குச் சான்றிதழ் கேட்கிறார்களாம். பதிவாளர் அலுவலகத்தில் மூன்று தடவை அலைந்தும் தரவில்லையாம். "உங்களைத்தான் கேக்கணும்னு வரலை. கேக்க வேற ஆள் இல்ல" என்றாள். அக்கா என்று கூப்பிடவில்லை.

சராசரி உடனே எழுந்து பதிவாளரிடம் போனாள். போகும்போது தைரியமாகத்தான் இருந்தது. அவர் கோப்பைத் திறந்து அவளுடைய கடிதத்தையும், தீர்ப்பின் நகலையும் எடுத்து வைத்தார். ஆசிரியர் இல்லை என்று நாமே நீதிமன்றத்தில் நிரூபித்த ஒருவருக்கு ஆசிரியராக இருந்தார் என்று எப்படிச் சான்றிதழ் தருவது, நாளைக்கு அதையே தூக்கிக்கொண்டு மேல்முறையீட்டுக்குப் போனால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். "சொன்னது நீங்கதானே மேடம்" என்றார். குத்திக்காட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்.

திரும்பி வந்து, தன் சொந்தப் பொறுப்பில் ஒரு கடிதம் எழுதித் தருவதாகச் சொன்னாள். எட்டு வருடம் இவர் பாடம் நடத்தியதை நான் கண்ணால் பார்த்தேன் என்று. பாசி அவள் எழுதி முடிக்கும்வரை பொறுமையாக நின்றாள். தாளை வாங்கிப் படித்தாள்.

"இதை அன்னைக்குக் கேட்டாங்களே" என்றாள். தாளை மடித்துக்கொண்டே, "நீங்க எங்களை எண்ணாமலே விட்டிருந்தா எனக்கு ஒண்ணுமே தோணியிருக்காது. யாரும்தான் எண்ணலை. எண்ணிட்டு அழிச்சீங்க பாருங்க" என்றாள்.

சராசரி அவள் கையைப் பிடிக்கப் போனாள். பாசி கையை இழுத்துக்கொள்ளவில்லை. பிடித்த கை பிடித்தபடியே இருந்தது, அதில் உயிரில்லை. குழந்தை சிணுங்கியதும் கிளம்பிவிட்டாள். முத்திரை இல்லாத கடிதத்தைப் பள்ளிக்கூடம் ஏற்கவில்லை என்று பிறகு தாவரவியல் ஆய்வக உதவியாளர் ஒருவர் மூலம் தெரிந்தது. பாசி கணவரோடு வேறு ஊருக்குப் போய், குடிநீர் சோதனை செய்யும் இடத்தில் புட்டி கழுவி அடுக்கும் வேலையில் சேர்ந்திருக்கிறாள் என்றும் அவர்தான் சொன்னார். சராசரி இரண்டு கடிதம் போட்டாள். பதில் இல்லை. மூன்றாவது கடிதத்தை எழுத உட்கார்ந்து, என்ன எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டாள்.

நிரந்தரமாக இருந்த பெண்கள் குறைவு என்பதால் எந்தக் குழு போட்டாலும் அவளைச் சேர்த்தார்கள். ஒவ்வொரு குழுவிலும் ஒரு பெண் உறுப்பினர் இருந்தாக வேண்டும் என்று விதி. தேர்வுக் குழு, கட்டடக் குழு, ஒழுங்குக் குழு, விடுதிக் குழு. வாரத்தில் மூன்று நாள் கூட்டத்திலேயே கழிந்தது; ஆய்வு என்று ஒன்று இருந்தது அவளுக்கே மறந்துபோய்க்கொண்டிருந்தது. மூன்றாம் வருடம் வகுப்பு உதவியாளர் ஒப்பந்தக் குழுவிலும் அவள் பெயர் வந்தது. அடுத்த பருவத்துக்கு யார் யாரை வைத்துக்கொள்வது, யார் யாரை நீக்குவது என்று முடிவு செய்கிற குழு.

ஏழு பேர் உட்கார்ந்த கூட்டம். நீக்க வேண்டியவர்கள் பட்டியலில் பத்தொன்பது பேர் இருந்தார்கள், பதினேழு பெண்கள். காரணம் என்ற இடத்தில் பெரும்பாலும் 'தொடர்ச்சியின்மை' என்று இருந்தது. தொடர்ச்சியை அறுப்பதே நாம்தானே என்று அவள் கேட்டாள். பட்டியலில் ஆறாவதாக இருந்த வேதியியல்காரி ஏழு மாதக் கர்ப்பிணி என்பது அவளுக்குத் தெரியும். தாழ்வாரத்தில் பார்த்திருக்கிறாள், படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பதை. அதைச் சொன்னாள். அந்தப் பெண்ணின் பெயரை எடுத்தால்தான் கையெழுத்துப் போடுவேன் என்றாள்.

குழுத் தலைவர் மற்றவர்களைப் பார்த்தார். தாள் கைமாறி, ஆறு கையெழுத்துகளோடு அவளிடம் வந்தது. அவள் பேனாவை எடுக்கவில்லை.

"பரவாயில்ல மேடம். அஞ்சு பேர் போட்டாலே போதும்" என்று எழுத்தர் தாளை அவள் முன்னாலிருந்து எடுத்துக் கோப்பில் வைத்தார். அடுத்த விஷயம், விடுதிக் குடிநீர்த் தொட்டி என்றார் தலைவர்.